டீக்கலுக்கு அடியில் வெள்ளிப் படலம்: நான் சரிசெய்த விதம்

1968-இல் கிரகாம் ஹில் ஃபார்முலா 1 கார் பந்தய உலகச் சாம்பியன் ஆனபோது ஓட்டிய லோட்டஸ் 49பி காரின் மாடல், 1/20 அளவு. சிவப்பு, வெள்ளை, தங்கம் என்று மூன்று நிறம். காரின் பாதி அழகு டீக்கலில்தான், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எழுத்து, படப் படலத்தில். ஒட்டிக் காய்ந்ததும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு தெரிந்தது. டீக்கல் பழசு என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. பெயின்ட் மேற்பரப்பு மங்கலாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கும். அவற்றில் சிக்கிய காற்றுதான் அப்படி மின்னுகிறது.

பிய்த்து எடுக்கவில்லை. மெல்லிய ஊசியால் மினுக்கும் இடங்களில் மட்டும் சின்னச் சின்னதாகக் குத்தினேன். அப்புறம் டீக்கலை இளக்கும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வைத்தேன். அது துளை வழியே இறங்கிக் காற்றை வெளியே தள்ளும். இந்த நேரத்தில் டீக்கல் சுருங்கி நம்மைப் பயமுறுத்தும். கை வைக்கவே கூடாது, தானாகவே படிந்துவிடும். பிடிவாதமாக நின்ற இடங்களில் மறுநாள் இதையே திரும்பச் செய்தேன். சில திரவங்கள் மிகவும் வீரியமானவை, உபரி டீக்கலில் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

நன்றாகக் காய்ந்தபின் மேலே பளபளப்பான கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு), முதலில் மிக லேசாக. இப்போதெல்லாம் டீக்கலுக்கு அடியில் காற்று சிக்காமல் இருக்க, ஒட்டும் முன்பே ஒரு கிளியர் கோட் அடித்துவிடுகிறேன்.