மோனசைட் சொல்லும் எச்சரிக்கை: ஒளிரும் உணரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்தும் பாறசாலைப் பக்கமிருந்தும் முதுநிலை வேதியியல் மாணவர்கள் ஆய்வேட்டுடன் என்னிடம் வருகிறார்கள். உயிர்மூலக்கூறுகளைக் கண்டறிய யூரோப்பியம், டெர்பியம் என்னும் அருமண் உலோகங்களின் அணைவுச் சேர்மங்களை (உலோகத்தை ஈனி எனப்படும் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றியிருக்கும் சேர்மங்களை) அவர்கள் ஒளிரவைக்கிறார்கள். உழைப்பில் குறையில்லை. ஒளிர்வு வரைபடத்தைப் பார்த்தால்தான் மனம் பதறுகிறது.

முதலில் தாங்கல் கரைசல், அதாவது அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் கரைசல். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைத் தேடும் சோதனையைப் பாஸ்பேட் தாங்கலில் செய்கிறார்கள். நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடக்கும் மோனசைட் என்பதே அருமண் தனிமங்களின் பாஸ்பேட்தான். அவற்றை அவ்வளவு இறுகப் பற்றும் பாஸ்பேட், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த ஈனியைத் தள்ளிவிட்டு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஏடிபியின் பிடியும் அதன் பாஸ்பேட் வால்தான். அப்படியிருக்கத் தாங்கலுக்கும் அதற்கும் எப்படி வேறுபாடு தெரியும்? பாஸ்பேட் இல்லாத ஹெப்பிஸ் தாங்கலுக்கு மாறுங்கள்.

அடுத்தது, ஒளி குறைந்தாலே மூலக்கூறு இணைந்துவிட்டது என்று எழுதுவது. சேர்த்த பொருளே தூண்டும் ஒளியை விழுங்கியிருக்கலாம். கலவையின் உறிஞ்சலைத் தூண்டும் அலைநீளத்தில் அளந்து பாருங்கள், 0.1-ஐத் தாண்டினால் நீர்க்கச் செய்யுங்கள் அல்லது திருத்தம் போடுங்கள். ருத்தேனியச் சேர்மமானால் கரைந்த ஆக்சிஜனும் ஒளியைத் தணிக்கும். ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் செலுத்திய கரைசலையும் திறந்து வைத்த கரைசலையும் ஒப்பிடவே கூடாது.

என்னை அதிகம் வருத்துவது பொய் முகடு, அதாவது வரைபடத்தில் ஒளிர்வுபோலத் தோன்றும் போலி உச்சி. 308 நானோமீட்டரில் தூண்டினால், ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் படியில், அதாவது இருமடங்கு அலைநீளத்தில், அந்தத் தூண்டும் ஒளியின் சிதறல் 616-இல் வந்து நிற்கும். யூரோப்பியத்தின் சிவப்பு முகடும் ஏறத்தாழ அங்கேதான். டெர்பியத்தை 272-இல் தூண்டினால் சிதறல் 544-இல் விழும். அதன் பச்சை முகடு 545. வெற்றுக் கரைசலே ஒளிர்கிறது என்று ஒரு மாணவி மூன்று வாரம் தவித்தார். தூண்டும் அலைநீளத்தை 5 நானோமீட்டர் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். உண்மை முகடு அசையாது. பொய் முகடு 10 நானோமீட்டர் நகரும். அவருடையது நகர்ந்தது.

இரத்தச் சீரத்தில் அளப்பவர்கள் தாமத அளவீட்டை விட்டுவிடக் கூடாது. சீரத்தின் சொந்த ஒளிர்வு நானோவினாடிகளில் அணைந்துவிடும். நல்ல யூரோப்பியச் சேர்மம் மில்லிவினாடி அளவுக்கு ஒளிரும். துடிப்பு விளக்கு அணைந்து சுமார் 100 மைக்ரோவினாடி கழித்து அளந்தால், அந்த இடைவெளியிலேயே இரண்டாம் படிச் சிதறலும் மறைந்துபோகும்.