நம்ம ரங்கூன் வீட்டுல எடுக்கிற குறும்படம் நெசமா நடக்கிற மாதிரி இருக்கணும்னா

நல்ல கேமரா இல்ல, அதான் படம் நெசமா தெரியலன்னு நம்ம பசங்க நெறைய பேர் சொல்றாங்க. கேமரா காரணமே இல்லங்க. ஃப்ரேமுக்குள்ள இருக்கிற ஆளுக்கு வசனம் பேசுறத தவிர வேற வேலையே இல்ல, அதான் காரணம். வீட்டுல யாரு சும்மா எதிரெதிரா நின்னு பேசுறா? எல்லா பேச்சும் ஏதோ ஒரு வேலைக்கு நடுவுலதான் வருது, அதனால சீன் எழுதும்போது மொதல்ல வசனத்த எழுதாதீங்க, அந்த நேரத்துல அவங்க கையில என்ன வேலை இருக்குன்னு எழுதுங்க.

மகன் தாய்லாந்துக்கு வேலைக்கு போறேன்னு அம்மாகிட்ட சொல்ற சீன்னு வெச்சுக்கங்க. அம்மா மொறத்துல அரிசி வெச்சு கல்லு பொறுக்கிட்டு இருக்காங்க. அவன் சொல்றான், அவங்க நிமிந்து பாக்கல, கை மட்டும் ஒரு செகண்ட் நிக்குது, அப்புறம் "ஏஜெண்டுக்கு எவ்ளோ குடுக்கணும்?"னு கேட்டுக்கிட்டே மறுபடி பொறுக்குறாங்க. அழுகை வேணாம், சோக மியூசிக் வேணாம், அந்த கை நின்னது போதும். ஆனா ஒண்ணு, அரிசியில நெசமாவே கல்லும் நெல்லும் கலந்து குடுங்க, சும்மா வெரல ஆட்ட சொன்னா கண்ணு வேற எங்கயோ இருக்கும், பாக்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் மொறத்த ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க, இல்லன்னா எடிட்ல அரிசி குவியல் ஏறி எறங்கி காட்டிக் குடுத்துடும்.

நடிக்க வர்றவங்கள தேடும்போதும் இதேதான். பூ கட்டுற சீனுக்கு பூ கட்ட தெரிஞ்ச அக்காவ கூப்பிடுங்க, நடிக்க தெரியுமான்னு அப்புறம் பாத்துக்கலாம். 1948-ல இத்தாலியில டி சிக்கா 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்தப்போ ஹீரோவா போட்டது ஒரு ஃபேக்டரி தொழிலாளியதான், நடிகர் இல்ல. கையில பழகின வேலை இருந்தா கூச்சம் தானா போயிடும், கேமராவ பாக்குறதும் நின்னுடும்.

அடுத்தது பேச்சு. இதுலதான் நம்ம படங்க ரொம்ப அடி வாங்குது. சென்னை சீரியல்ல பேசுற மாதிரி சுத்தமா முழு வாக்கியமா எழுதிடுறாங்க, இங்க எந்த வீட்டுல அப்டி பேசுறோம்? ஆயா "சாப்டியாடா?"ன்னு தமிழ்ல கேக்கும், பேரன் ஃபோன பாத்துக்கிட்டே "சா பீ பீ"ன்னு (சாப்டாச்சுன்னு) பர்மா பாஷையில சொல்வான், ரெண்டு பேருக்கும் அது வித்தியாசமாவே தெரியாது. அத அப்டியே விடுங்க, சப்டைட்டில் போட்டுக்கலாம். எழுதி மனப்பாடம் பண்ண வைக்கிறதுக்கு பதிலா, "நீங்க இப்ப இவன போக விடக்கூடாது, ஆனா போகாதன்னு வாய விட்டு சொல்லவும் கூடாது"ன்னு மட்டும் சொல்லிட்டு பேச விடுங்க, அவங்க வாயில வர்றது நீங்க எழுதுனத விட நல்லாவே இருக்கும். ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் பேசட்டும், பதில் வராமலே போகட்டும், அதுவும் பேச்சுதான்.

உடுப்புல சின்ன விஷயம்தான் காட்டிக் குடுக்கும். லோஞ்சி (பர்மா லுங்கி) கட்டின ஆம்பள ஒரு மணி நேரத்துல எத்தன தடவ அத அவுத்து இழுத்து முன்னாடி முடிச்சு போடுறாருன்னு நம்ம டீக்கடையில உக்காந்து பாருங்க. நடிகர் படம் பூரா அதுல கையே வெக்கலன்னா அது காஸ்ட்யூம், உடுப்பு இல்ல. புதுசா கடையில வாங்கி கட்டாதீங்க, ரெண்டு மூணு தடவ தொவச்சு, அவரையே அத கட்டிக்கிட்டு ஒரு நாள் வீட்டுல இருக்க சொல்லுங்க.

கரண்ட் போறத மறைக்காதீங்க, கதைக்குள்ள எடுத்துக்கங்க. பேச்சு நடந்துட்டு இருக்கும்போது லைட் போகுது, ஃபேன் மெதுவா சுத்தி நிக்குது, யாரும் "ஐயோ கரண்ட் போச்சு"ன்னு சொல்லல, சொல்ல வந்தத முடிச்சுக்கிட்டே ஒரு கை போயி சார்ஜர் லைட்ட எடுக்குது, தெருவுல ஜெனரேட்டர் ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆகுது. இத பாத்த உடனே ரங்கூன்ல வாழ்ற யாருக்கும் இது நம்ம வீடுன்னு புரிஞ்சிடும்.

லைட்டிங்குக்கு வர்றேன். நம்ம அப்பார்ட்மெண்டுங்க பன்னண்டரை அடி அகலம் அம்பது அடி நீளம்னு குகை மாதிரி இருக்கு, வெளிச்சம் முன்னாடியும் பின்னாடியும்தான், நடுவுல இருட்டு. அதுக்காக பெரிய எல்இடி வாங்கி மூஞ்சிக்கு நேரா அடிக்காதீங்க. 1956-ல சத்யஜித் ரேயோட 'அபராஜிதோ' படத்துக்கு கேமராமேன் சுப்ரதா மித்ரா காசி வீட்டு முற்றத்த செட்டு போட்டு எடுத்தப்போ, மேல வெள்ளத் துணிய கட்டி, லைட்ட கீழேர்ந்து அந்த துணி மேல அடிச்சு திருப்பி விட்டாரு, நெழலே இல்லாத வானத்து வெளிச்சம் மாதிரி வந்துச்சு. நமக்கு ஒரு வெள்ள பெட்ஷீட் போதும், ஜன்னல் பக்கமா சாச்சு புடிச்சு மூஞ்சி மேல வெளிச்சத்த திருப்பி விடுங்க. தரையில உக்காந்திருக்கவங்கள எடுக்கும்போது கேமராவும் தரைக்கு எறங்கி அவங்க கண்ணு மட்டத்துக்கு வரணும். எடம் பத்தலன்னு ஃபோன்ல அகலமா காட்டுற 0.5 லென்ஸுக்கு போயிடாதீங்க, செவுரு வளைஞ்சு வீடு வீடா தெரியாது, வாசல்படி வரைக்கும் பின்னாடி போயி சாதாரண 1 லென்ஸ்லயே எடுங்க.

ஃபோன்ல ப்ரோ மோட் (எல்லாத்தையும் நாமளே செட் பண்றது) இருந்தா 24 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 24 ஃப்ரேம்), ஷட்டர் 1/50 வெச்சுக்கங்க. இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆட்டோ மோட்ல விட்டா ஷட்டர் எங்கயாவது ஓடி ட்யூப்லைட் வெளிச்சத்துல பட்டை பட்டையா ஓடும். ஜெனரேட்டர் கரண்ட்ல 50 நெலையா நிக்காது, அப்போ ட்யூப்லைட்ட அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துலயே எடுத்துடுங்க. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (கலர் அளவு) ரெண்டையும் லாக் பண்ணிடுங்க.

சத்தத்துக்குதான் நான் ரொம்ப மெனக்கெட சொல்வேன், ஏன்னா படம் கொஞ்சம் மங்கலா இருந்தா மன்னிப்பாங்க, வசனம் எங்கயோ கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்தா மூடிடுவாங்க. இன்னொரு ஃபோன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி நடிகர் சட்டப்பையில வெச்சுடுங்க, ஆரம்பத்துல கேமரா முன்னாடி ஒரு தடவ கை தட்டுனா, அத வெச்சு எடிட்ல படத்தையும் சத்தத்தையும் சேத்துக்கலாம். டேக்கப்போ ஃபேன நிறுத்திடுங்க, ஃபேன் சத்தத்த தனியா எடுத்து பின்னாடி போடுங்க. எல்லாரும் ஒரு நிமிஷம் மூச்சு காட்டாம நின்னு அந்த ரூமோட வெறும் சத்தத்தையும் எடுங்க, ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல சத்தம் வெட்டு வெட்டா கேக்காம இருக்க அதுதான் உதவும். நெட்லேர்ந்து 'இந்தியன் ஸ்ட்ரீட்'னு எறக்கி போடாதீங்க, அதுல பூரா பைக்கும் ஆட்டோ ஹாரனும்தான் இருக்கும், நம்ம டவுன்டவுன்ல பைக் ஓட்டவே ரொம்ப வருஷமா தடை, கேட்ட உடனே இது ரங்கூன் இல்லன்னு தெரிஞ்சிடும். உங்க பால்கனியிலயே ஃபோன வெச்சு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு எடுத்து வெச்சுக்கங்க: காக்கா, கூவி விக்கிறவங்க, கோயில் மணி, அடுத்த தெரு பள்ளிவாசல் பாங்கு, பஸ் எல்லாம் அதுலயே இருக்கும். டீக்கடை சீன்னா பையன கூப்பிட வாயால முத்தம் குடுக்குற மாதிரி ஒரு சத்தம் போடுவாங்கல்ல, அது இல்லாம எடுக்காதீங்க. இப்ப இருக்குற நெலமையில தெருவுல கேமரா தூக்கிட்டு நிக்காம, கதைய வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு தெருவ சத்தத்துல மட்டும் கொண்டு வர்றது நல்லது.

ஃபோன்ல ப்யூட்டி மோட் ஆஃப் ஆகி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. கன்னத்துல பூசுன தனாக்காவ (மரப்பட்டைய அரைச்சு பூசுற பர்மா பூச்சு) அது அழுக்குன்னு நெனச்சு வழிச்சு எடுத்துடும், அத ஆஃப் பண்ணிட்டு எக்ஸ்போஷர கொஞ்சம் கொறைச்சா காஞ்சு வெடிச்ச கோடு கூட தெரியும்.

எடிட் முடிஞ்சதும் ஒரு தடவ சத்தம் இல்லாம படத்த மட்டும் பாருங்க, இன்னொரு தடவ கண்ண மூடி சத்தத்த மட்டும் கேளுங்க, எங்க இடிக்குதோ அந்த எடத்த மட்டும் திரும்ப எடுங்க.