போலி அப்டேட், ரான்சம்வேர்: வீட்டுக் கணினியைக் காப்பது எப்படி?

சென்னையில் பல வீடுகளில் இருப்பது ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிதான். கல்யாணப் போட்டோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் அதற்குள்ளேதான். போலி அப்டேட் போன்ற வழிகளில் ரான்சம்வேர் என்ற வைரஸ் வகை புகுந்தால் அத்தனையையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். கொடுத்தாலும் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

1. அப்டேட்டை நீங்களே தேடிப் போங்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். குரோமில் மேலே வலது மூலையில் மூன்று புள்ளிகள், ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம். விண்டோஸுக்கு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட். "உங்கள் பிரவுசர் பழசு, இதை டவுன்லோட் செய்யுங்கள்" என்று ஏதோ ஒரு இணையப் பக்கம் சொன்னால் மூடிவிடுங்கள். ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான். ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது.

பக்கம் முழுத்திரையாகி மூட முடியவில்லையா? எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது பரவும் இன்னொரு தந்திரம் எனக்கு உண்மையாகவே பயம் தருகிறது. "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்து, அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர் என்று சொல்லும். நீங்கள் அந்தப் பெட்டியைத் தொட்டபோதே ஒரு கட்டளையை அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்திருக்கும். என்டர் தட்டியதும் வைரஸை உங்கள் கையாலேயே ஓட விட்டதாகிவிடும். நிஜமான சோதனை எதுவும் இப்படிக் கேட்காது. இந்தத் தந்திரம் எப்படி வரும் என்று வீட்டில் பெரியவர்களுக்கு முன்கூட்டியே விளக்குங்கள்.

2. நிஜ அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்

2017 மே 12-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகமெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. முடிந்தால் 11-க்கு மாறுங்கள்.

கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய் என்று ஒரு ஃபைல் கேட்டால், அந்த இடத்திலேயே அதை அழித்துவிடுங்கள்.

3. ஃபோல்டர் பூட்டு

விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் போய், கீழே ரான்சம்வேர் புரொடெக்‌ஷனுக்குள் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸை ஆன் செய்யுங்கள். நம்பகமில்லாத புரோகிராம்கள் உங்கள் முக்கிய ஃபோல்டர்களில் கை வைக்காமல் இது தடுக்கும். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் இது வேலை செய்யாது.

4. பேக்கப், பிறகு கழற்றுதல்

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

5. மாட்டிக்கொண்டால்

முதலில் வைஃபையை அணையுங்கள், நெட் கேபிளைப் பிடுங்குங்கள். பணம் கட்டாதீர்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் பங்கேற்கும் 'நோ மோர் ரான்சம்' தளத்தை வேறொரு கணினியில் திறந்து, உங்கள் கணினியில் புகுந்த ரான்சம்வேர் வகைக்குப் பூட்டைத் திறக்கும் இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் தனி டிஸ்கில் வைத்திருங்கள். சில வகைகளுக்குச் சாவி பிற்பாடு வெளிவந்திருக்கிறது.