கடைசிச் சீட்டில் எதிராளி ரெய்ஸ் செய்யும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தீபாவளியை ஒட்டிய இரவுகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பந்தயத்தின் அளவுக்கு வரம்பு உள்ள லிமிட் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவது வழக்கம். பணம் வைப்பதில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கு முன் பால் மரத்தடியில் பொறுக்கி வைத்த ரப்பர் கொட்டைகளே எங்களுக்குக் காசு. கைபட்டுக் கைபட்டு அவற்றின் புள்ளிகள் மங்கிவிட்டன. அந்த ஆட்டத்தில் பலரும் தடுமாறும் ஓர் இடத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்: கடைசிச் சீட்டில் எதிராளி ரெய்ஸ் செய்தால், அதாவது பந்தயத்தை உயர்த்தினால், அதற்கு ஈடாகக் கட்டிப் பார்ப்பதா, கையைப் போட்டுவிட்டு விலகுவதா?

எங்கள் ஆட்டத்தில் முதல் இரண்டு சுற்றுகளில் பந்தயம் 2 கொட்டை, பின் இரண்டு சுற்றுகளில் 4. இந்த வரம்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்கள் கையில் ஏஸும் கிங்கும் இருப்பதாகவும், எல்லாருக்கும் பொதுவாகக் கீழே கிங், 9, 4, 7, 2 விழுந்திருப்பதாகவும், ஒரே இனத்தில் மூன்று சீட்டுகள் அங்கு இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 27 கொட்டைகள் கிடக்கின்றன. நீங்கள் 4 வைக்கிறீர்கள், எதிராளி 8 ஆக உயர்த்துகிறார். இப்போது நடுவில் இருப்பது 39, நீங்கள் கட்ட வேண்டியது 4. இதே நிலையில் பத்து முறை கட்டி, ஒன்பது முறை தோற்று, ஒரே ஒரு முறை வென்றாலும், 36 போய் 39 வருகிறது. ஆகவே "நான் தோற்றிருக்கிறேனா?" என்பது இங்குத் தவறான கேள்வி. பெரும்பாலும் தோற்றுத்தான் இருப்பீர்கள். "பத்தில் ஒரு முறையாவது என் கை வெல்லுமா?" என்பதே கேட்க வேண்டியது. தவறாகக் கட்டினால் இழப்பு 4. வெல்லும் கையைத் தவறாகப் போட்டுவிட்டால் இழப்பு 39.

நான்காம் சீட்டில், அதாவது டர்னில், வரும் ரெய்ஸ் இதைவிட விலை கூடியது. மேற்சொன்ன அதே ஆட்டத்தில் எதிராளி அங்கேயே உயர்த்தியிருந்தால், நடுவில் 31 இருக்கும்; இப்போது 4, கடைசிச் சீட்டுக்குப் பின் இன்னொரு 4 என்று 8 கட்டித்தான் அவருடைய சீட்டைப் பார்க்க முடியும். கிடைக்கக்கூடியது 35. ஏறத்தாழ ஐந்தரை முறைக்கு ஒரு முறை வென்றாக வேண்டும். அவரிடம் 9, 7 என்று இரண்டு ஜோடி இருந்தால் மூன்று ஏஸ், இரண்டு கிங், மூன்று 4 ஆகிய எட்டுச் சீட்டுகளில் எது வந்தாலும் உங்களுக்கு வெற்றி. கிங், 9 இருந்தால் மூன்று ஏஸ் மட்டுமே உதவும். மூன்று 4 சேர்ந்திருந்தால் எதுவும் உதவாது. இந்தக் கணக்கை முடிக்காமல் டர்னில் கட்டுவது, இரண்டு பந்தயங்களுக்கும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வதாகும்.

இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டம் என்ற இதே வகை ஆட்டத்துக்கு ஏறக்குறைய முழுத் தீர்வையே கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் கணினியால் கண்டுவிட்டனர். ஆனால் ஆறு பேர் உட்காரும் பாயில் ஆளைப் படிக்கத் தெரிய வேண்டும், ஏனெனில் அந்தப் பத்தில் ஒரு முறை என்பது எதிரே இருப்பவரைப் பொறுத்தே அமைகிறது. கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்து எதற்கும் ரெய்ஸ் செய்யும் தம்பிக்கு எதிராக நான் யோசிக்காமலே கட்டிவிடுவேன். இரவு முழுவதும் பேசாமல் கட்டிக்கொண்டே வந்த மாமாவின் கதை வேறு. போன ஆண்டு இதே போன்ற ஒரு கையில் அவர் கோப்பிக் கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கி எட்டையும் முன்னே தள்ளினார். நான் கட்டினேன், அவர் இரண்டு 7களைத் திருப்பிக் காட்டினார். அப்படிப்பட்டவர் கடைசிச் சீட்டில் உயர்த்தும்போது பத்தில் ஒரு முறைகூடப் பொய்யாக இராது. ஏஸ், கிங் என்றாலும் போட்டுவிடுவதே முறை.

மூன்றாவது ஆள் ஒருவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இருவரை நோக்கி வெறுங்கையோடு ரெய்ஸ் செய்பவர்கள் மிகக் குறைவு. அந்த மூன்றாமவர் உங்களுக்கு முன்னரே கட்டிவிட்டார் என்றால், நீங்கள் இரண்டு கைகளை வெல்ல வேண்டியிருக்கிறது.

மறு ரெய்ஸ் செய்வதற்கு அளவுகோல் முற்றிலும் வேறு. அதை ஏற்றுக் கட்டும் கைகளில் பாதிக்கு மேல் உங்களுடையதைவிடத் தாழ்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அப்படி நினைக்க இடமில்லை. கட்டிப் பார்த்த பின், தோற்றாலும் வென்றாலும், அவர் திருப்பிய சீட்டையும் அவர் அதை எந்தச் சுற்றில் உயர்த்தினார் என்பதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் உயர்த்தும்போது அந்தக் குறிப்புத் தேவைப்படும்.