கோவில் மணியிலும் பாட்டிலும் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய வெள்ளி, நண்பகல். காலையில் சிலுவைப்பாதை முடிந்துவிட்டது. மூன்று மணி வழிபாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பீடத்தில் துணிகூட இல்லை. நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாகக் கிடந்தது. நாற்பது ஐம்பது பேர் அங்கங்கே தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் செபித்துக்கொண்டிருந்தோம். சரியாகப் பன்னிரண்டுக்குக் கோபுரத்து மணி கணகணவென்று முழங்கியது. கூடவே ஒலிபெருக்கியில், காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்லும் மூவேளைச் செபத்தின் பதிவு. எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஏய்யா, இன்னைக்கு எதுக்கு மணி அடிக்கான்?”

யாரும் அடிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வாங்கி மாட்டிய தானியங்கிக் கருவி தன் வேலையைச் செய்தது. வியாழக்கிழமை இரவே அதை அணைத்து வைக்க வேண்டும் என்று, கோவில் காரியங்களைப் பேசும் பங்குப் பேரவையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடகர் குழுவில் இருந்த எனக்கும் தோன்றவில்லை. பாட்டிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

சிறு வயதில் மணிக்கயிறு இழுத்தவன், பிறகு பல ஆண்டுகள் பாடகர் குழுவில் இருப்பவன் என்ற முறையில் எனக்குப் பட்டது இதுதான்: கோவில் மணியும் பாட்டும் ஊரோடு பேசுகின்றன. யாரிடம் பேசுகிறோம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மறந்துவிடும்போதுதான் நம்மிடம் தவறு வருகிறது. நான் பார்த்ததும் நானே செய்ததுமான சிலவற்றை இங்கே எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்குகளை மனத்தில் வைத்து எழுதினாலும், மற்ற சபையாருக்கும் பாதியாவது பொருந்தும்.

மணி அடங்க வேண்டிய நாள்கள்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடும்போது கோவிலில் உள்ள மணிகளையெல்லாம் அடிப்பது மரபு. அந்தப் பாட்டோடு அவை ஓய்ந்துவிடும். சனிக்கிழமை இரவு, உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி ‘உன்னதங்களிலே’ தொடங்கும்வரை கோபுரத்து மணியும் கிடையாது, பீடத்து மணியும் கிடையாது. அவசியம் என்றால் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த வறண்ட ‘டக் டக்’ ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இரண்டு நாள் கழித்து எல்லா மணிகளும் ஒன்றாக எழும்பும் அந்த நொடியில் உடம்பு சிலிர்க்கும். இடையில் ஒரே ஒரு முறை மணி ஒலித்துவிட்டாலும் அந்தச் சிலிர்ப்பில் பாதி போய்விடும். எங்கள் ஊரில் அந்த வருடம் போனது.

எனவே தானியங்கி மணி உள்ள பங்குகளில் அதை வியாழன் இரவு அணைப்பதற்கும் சனி இரவு போடுவதற்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

இசைக்கருவிகளுக்கும் இதே மாதிரி ஓர் ஒழுங்கு உண்டு. தவக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மட்டுமே கருவிகளை வாசிக்கலாம். தனியாக வாசிக்கக் கூடாது. தவக்கால நான்காம் ஞாயிறும், இடையில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் இதற்கு விலக்கு. மார்ச் 19 சூசையப்பர் திருவிழா அன்று தயக்கமில்லாமல் வாசிக்கலாம். ஆனால் திருவிருந்துக்குப் பிறகு மக்கள் கண்மூடி இருக்கும்போது ஐந்து நிமிடம் சோகமாக ஒரு கீபோர்டு வாசிப்பு, பெரிய வெள்ளி அன்று ஒப்பாரிக்கு ரிதம் பேட் என்பதெல்லாம் ‘உருக்கமாக இருக்கும்’ என்று நினைத்துச் செய்பவை. உருக்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் நாம் எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே அடி

ஐரோப்பாவின் பழைய மணிகளில் இலத்தீனில் சில சொற்களைப் பொறித்திருப்பார்கள்: ‘உயிரோடிருப்போரை அழைக்கிறேன், இறந்தோருக்காகப் புலம்புகிறேன், மின்னலை முறிக்கிறேன்.’ முதல் இரண்டும் இன்றும் மணியின் வேலை. மூன்றாவது ஆபத்தான நம்பிக்கை. மணியடித்தால் இடி விலகும் என்று நம்பிப் புயல் நேரத்தில் கோபுரத்தில் நனைந்த கயிற்றோடு நின்றவர்கள் பலர் மின்னல் தாக்கி இறந்திருக்கிறார்கள். இடி மின்னல் நேரத்தில் முதல் மணியின் நேரம் தவறினாலும் பரவாயில்லை, கயிற்றைத் தொடாதீர்கள்.

அழைக்கும் மணியும் புலம்பும் மணியும் ஒன்றுபோல ஒலிக்கக் கூடாது. கிராமத்துப் பங்குகளில் இதற்கென்று ஒரு மொழியே இருந்தது. பூசைக்கு முதல் மணி, இரண்டாம் மணி. மூவேளைச் செபத்துக்கு மும்மூன்றாக மூன்று முறை. ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவே ஓர் ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லும் இடைவெளி. கடைசியில் தொடர்ச்சியாக ஒன்பது அடி. துக்க மணி என்றால் ஒற்றை அடி, அது முழுதும் கரைந்து அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடி. கடற்கரை ஊர்களில் ஆபத்துக்கு அடிக்கும் வேகமான மணி வேறு. அதைக் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரும் எழுந்து ஓடுவார்.

இன்று பீடச் சிறுவர்களிடம் கயிற்றைக் கொடுத்து ‘மணியடி’ என்கிறோம். எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. ஒருமுறை துக்க மணியைப் பையன் ஒருவன் பூசை மணி மாதிரி மளமளவென்று அடித்துவிட்டான். இறந்தவரின் மகள் கோவில் வாசலிலேயே நின்றிருந்தார். பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் ஊர் வழக்கத்தை உபதேசியாரிடமோ மூத்தவர்களிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதி, கயிறு தொங்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். எத்தனை அடி, எவ்வளவு இடைவெளி, யார் சொன்னால் அடிக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கட்டும். இறப்புச் செய்தியை வீட்டாரிடம் உறுதிப்படுத்தாமல் துக்க மணி அடிக்கவே கூடாது.

ஒலிப்பதிவு வைத்திருக்கும் பங்குகளுக்கு ஒன்று. பாஸ்கா காலத்தில் மூவேளைச் செபத்துக்குப் பதில் ‘விண்ணக அரசியே’ செபத்தைச் சொல்ல வேண்டும். உயிர்ப்புப் பெருவிழா முதல் தூய ஆவி பெருவிழா வரை பழைய பதிவே ஓடிக்கொண்டிருந்தால், மாற்ற ஆளில்லை என்றுதான் பொருள்.

வெண்கலம் உடையும்

மணி பெரிதாக, கனமாக இருப்பதால் எதையும் தாங்கும் என்று நினைக்கிறோம். ஏறக்குறைய நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம் என்பது மணி வெண்கலத்தின் கலவை. வெள்ளீயம் இவ்வளவு சேர்வதால்தான் அந்த நீண்ட கார்வை வருகிறது. அதனாலேயே அது எளிதில் விரிசல் விடும். லண்டனின் பிக் பென் 13 டன்னுக்கும் மேற்பட்ட மணி. 1859 ஜூலையில் ஒலிக்கத் தொடங்கி செப்டம்பரிலேயே விரிசல் கண்டது. வார்த்தவர் சொன்ன எடையைவிட மிகக் கனமான சுத்தியலை மாட்டியிருந்ததுதான் காரணம் என்றார்கள். சுத்தியலை இலேசாக்கி, மணியைச் சற்றுத் திருப்பி வேறு இடத்தில் அடிபடும்படி வைத்தார்கள். விரிசலோடுதான் இன்றும் ஒலிக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு கோவிலில் கொடியேற்றத்தன்று கயிறு அறுந்துவிட்டது. அவசரத்துக்கு ஒருவர் மேலே ஏறி, இரும்புச் சுத்தியலால் விளிம்பில் ஓங்கி ஓங்கி அடித்தார். அன்று ஊரே மகிழ்ந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, உடைந்த பானையைத் தட்டியதுபோல ஓர் ஒலி வந்தது. மூன்று தலைமுறையாகக் கேட்ட குரல் போய்விட்டது. சாதாரண வெல்டிங்கால் அது திரும்பாது. மணி முழுவதையும் சூடேற்றிச் செய்யும் தனித் தொழில்நுட்பம் வேண்டும், இல்லையென்றால் உருக்கி மறுபடி வார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் மணியை ஆட்டாமல், உள்ளே தொங்கும் நாக்கிலேயே கயிறு கட்டி இழுப்பது அதிகம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாக்கு மணியில் பட்டதும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இழுத்துப் பிடித்தால் நாக்கு விளிம்போடு ஒட்டி நின்று அதிர்வைத் தடுக்கும். நாளடைவில் விரிசலுக்கு அதுவே வழி. ஒரே இடத்தில் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். விழுந்திருந்தால், தெரிந்தவரை வைத்து மணியைத் திருப்பி மாட்டலாம். கடற்கரையில் என்றால் மணியைவிட அதைத் தாங்கும் இரும்புக்குத்தான் முதல் சோதனை. உப்புக்காற்று அதைத் தின்றுவிடும், கீழே சிறுவன் நிற்கிறான். ஆடும் மணியாக இருந்தால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

இன்னொன்று எனக்கு மிகவும் வலிப்பது. திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும்போது மணிக்கும் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். நன்கொடையாளர் பெயர், ஆண்டு, எந்தப் புனிதரின் பெயரில் மந்திரித்தது என்பதெல்லாம் அந்தப் பெயின்டுக்குள் மறைகின்றன. பச்சையேறிய மணி அழுக்கு மணி அல்ல. அப்படியே விடுங்கள்.

ஒலிபெருக்கி

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. அதே ஆண்டில் சென்னையில் ஒரு சபை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் செபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. காலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிற பங்குகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் இரவுப் பணி முடிந்து தூங்குகிறவரும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் அந்தப் பாட்டைக் கேட்டு ஆண்டவரை நெருங்குவதில்லை.

பாடகர் குழு பாட, மக்கள் பார்க்க

எங்கள் குழுவில் நெடுநாள் நடந்த தவறு: திருப்பலியின் மையமான நற்கருணை மன்றாட்டின்போது மெலிதாகக் கீபோர்டு வாசித்துக்கொண்டே இருப்பது. இயேசுவின் வார்த்தைகளைக் குரு சொல்லும்போது பின்னால் இசை ஓடினால் பக்தி கூடும் என்று நம்பினோம். திருப்பலிப் புத்தகத்தின் தொடக்கத்தில் உள்ள பொது விதிகளின் 32ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது: குரு தமக்குரிய செபங்களைச் சொல்லும்போது வேறு செபமோ பாட்டோ கூடாது, இசைக்கருவிகள் மௌனமாக இருக்க வேண்டும். குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சிறு மணி அடிக்கும் வழக்கம் உள்ள இடத்தில், அந்த மணி மௌனத்தின் நடுவே கேட்டால்தான் அதற்குப் பொருள். இசைக்கு நடுவே அடித்தால் அது தாளக்கருவி ஆகிவிடும்.

பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக ‘எல்லாருக்கும் தெரிந்த’ ஒரு பக்திப் பாட்டைப் பாடுவதும் பரவலான தவறு. அது இறைவார்த்தையின் ஒரு பகுதி. அன்றைய வாசகத்துக்குப் பொருந்தும் திருப்பாடல். மெட்டு தெரியாவிட்டால் பதிலுரையை மட்டும் பாடி, அடிகளை வாசியுங்கள். ‘உன்னதங்களிலே’, ‘தூயவர்’ ஆகியவற்றின் சொற்களை மெட்டுக்காக வெட்டி ஒட்டுவதும் அப்படித்தான். சினிமா மெட்டைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை; முதல் இரண்டு சுரத்திலேயே கேட்பவர் மனம் திரையரங்குக்குப் போய்விடுகிறது.

மெனக்கெட்டு நான்கு பாட்டைப் பிரமாதமாகப் பாடிவிட்டு ‘ஆமென்’, ‘உம் ஆன்மாவோடும் இருப்பாராக’ என்பவற்றை முணுமுணுத்து விடுகிறோம். 1967இல் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுறுத்தல் வரிசையை நேர்மாறாக வைக்கிறது: குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்பவற்றைத்தான் முதலில் பாடப் பழக வேண்டும், மற்றவை பிறகு.

மக்கள் பாடுவதில்லை என்று எந்தக் குழுவைக் கேட்டாலும் சொல்லும். நாங்களும் சொன்னோம். ஒரு ஞாயிறு எங்கள் பங்குத்தந்தை என்னைக் கோவிலின் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார். அங்கிருந்து கேட்டபோதுதான் புரிந்தது. நான்கு மைக்கும் வாயை ஒட்டி இருந்தன. பாட்டு, நன்றாகப் பாடும் இரண்டு பெண்களின் குரலுக்கு ஏற்ற சுருதியில் உச்சத்தில் நின்றது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் வருகைப் பாடலின் முதல் அடியைத் தொடங்கினார், மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது, வாயை மூடிக்கொண்டார். பிறகு பூசை முடியும்வரை திறக்கவில்லை.

அடுத்த வாரம் மூன்று மைக்கை எடுத்துவிட்டோம். மீதி இருந்ததையும் குழுவுக்கு இரண்டடி தள்ளி வைத்தோம். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் மூன்று இறக்கினோம். ஐந்து பாட்டில் ஒன்று மட்டும் புதிது. அதையும் பூசைக்குப் பத்து நிமிடம் முன்பு மக்களோடு சேர்ந்து இருமுறை பாடிப் பார்த்தோம். ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவே நீண்ட இசையை வெட்டி, மூச்சு வாங்க மட்டும் இடம் விட்டோம். முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. குழுவில் இரண்டு பேர் முகம் வாடிப்போனார்கள். ஒரு மாதம் கழித்து, திருவிருந்துப் பாடலில் நான் வேண்டுமென்றே பாடாமல் நின்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து அந்தப் பெரியவரின் குரல், கொஞ்சம் சுருதி விலகி, முன்வரை வந்தது.