ரீஜன்சி கதையில் கூச்ச சுபாவமுள்ள வாரிசுப் பெண்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீஜன்சி கால இங்கிலாந்தைக் களமாக வைத்துத் தமிழில் தொடர்கதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம், அப்பாவை இழந்து, பெரிய சொத்துக்கு வாரிசாகி, நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே தயங்கும் இளம்பெண். ஆனால் பல கதைகளில் அவளுடைய பணம் வெறும் பின்னணியாகவும், கூச்சம் வெறும் அழகாகவும் நின்றுவிடுகிறது. அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. அவள் ஒரு முறை ‘சரி’ என்று சொன்னால் ஒரு மாளிகையே கைமாறும். அப்படிப்பட்டவள் பேசத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே சரியாகிவிடும்.

முதலில் காலக் குழப்பத்தை முடித்துவிடலாம். மனநலம் குன்றிய மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பதிலாக அவர் மகன் ஆட்சிப் பொறுப்பை நடத்திய 1811 முதல் 1820 வரையான ஆண்டுகளே ரீஜன்சி. விக்டோரியா காலம் அதற்குப் பின்னால் வருவது. ஆகவே நாயகி ரயிலில் லண்டன் போக முடியாது, கடிதத்தில் தபால்தலை ஒட்ட முடியாது. தபால்தலை வந்தது 1840-இல். அதுவரை பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். மணப்பெண் என்றாலே வெள்ளை உடை என்ற வழக்கம் வேரூன்றியதும் விக்டோரியா ராணியின் திருமணத்துக்குப் பிறகுதான். மூச்சு முட்ட இடுப்பை இறுக்கிக் கட்டும் காட்சியும் வேண்டாம். அன்றைய கவுனில் இடுப்புக் கோடு மார்புக்குக் கீழேயே இருந்தது, சிற்றிடையை யாரும் பார்க்கப்போவதில்லை.

இனி சொத்துக்கு வருவோம். பெண் வாரிசாவது பெரும்பாலும் ஆண் பிள்ளை இல்லாத வீட்டில்தான். அண்ணனோ தம்பியோ உயிரோடு இருக்கும்போது குடும்ப நிலம் முழுவதும் அவளுக்கு வந்ததாக எழுதினால், அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பிரபுப் பட்டமும் பெரும்பாலும் ஆண் வழியில் போய்விடும். அப்பாவின் பட்டம் தூரத்து உறவுக்காரர் ஒருவருக்கும் பணம் மகளுக்கும் போவது நடக்கக்கூடியதே. நல்ல கதை முடிச்சும்கூட. அடிக்கடி பார்க்கும் இன்னொரு பிழை, மூத்த மகளுக்கே எல்லாம் என்பது. மூத்தவருக்கு முன்னுரிமை என்ற விதி மகன்களுக்குத்தான். உயிலோ குடும்ப ஒப்பந்தமோ வேறு மாதிரி சொல்லாதபோது, மகன் இல்லாத வீட்டின் நிலம் மகள்கள் எல்லோருக்கும் சமபங்காகப் போகும். இரண்டு தங்கைகள் உள்ள நாயகிக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

‘30,000 பவுண்டு வாரிசு’ என்று எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் அவள் 5,000 பவுண்டு எடுத்து அநாதை விடுதி கட்டுவதாகக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பணம் பெட்டியில் இருக்காது. நிலமாகவோ, கன்சால்ஸ் என்ற அரசுக் கடன் பத்திரமாகவோ இருக்கும். 3 சதவீத கன்சால்ஸில் 30,000 முகமதிப்பு என்றால் ஆண்டுக்கு 900 பவுண்டு வட்டி, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அவள் 21 வயதைத் தாண்டாதவரை அந்த வட்டியும் காப்பாளர்கள், சொத்தைப் பொறுப்பேற்று நடத்தும் டிரஸ்டிகள் கையில். புது கையுறை வாங்கக்கூட மாமாவிடம் கேட்க வேண்டிய பெண்ணைத்தான் ஊரே ‘எவ்வளவு பணம்’ என்று வாய் பிளந்து பார்க்கும். இந்த முரண் அவள் கூச்சத்துக்கு எவ்வளவு உயிர் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் திருமணம். பெரும்பாலான கதைகள் முடியும் அந்த இடத்தில்தான் அவளுக்கு உண்மையான ஆபத்து தொடங்குகிறது. அன்றைய சட்டப்படி மணமானதும் அவளுடைய ரொக்கமும் நகையும் கணவனுக்குச் சொந்தம். நிலத்தை அவள் சம்மதமின்றி விற்க முடியாவிட்டாலும், நிர்வாகமும் வாடகை வருமானமும் அவன் கையில். மனைவிக்குத் தனிச் சொத்துரிமை தந்த சட்டங்கள் 1870-இலும் 1882-இலும்தான் வந்தன. இதற்குத் தடுப்பாக வசதியான குடும்பங்கள் செய்துகொண்டதுதான் செட்டில்மெண்ட் பத்திரம். பெண்ணின் சொத்தில் எவ்வளவு டிரஸ்டிகள் வசம் இருக்கும், அவள் கைச்செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு, விதவையானால் எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று எல்லாம் கல்யாணத்துக்கு முன்பே எழுதி வைப்பார்கள். காதலைச் சொல்லும் காட்சிக்கு மூன்று அத்தியாயம் ஒதுக்கும் நாம், வக்கீல் அறையில் அந்தத் தோல் பத்திரத்தைப் படித்துக் காட்டும் காட்சிக்கு ஒரு பக்கமாவது தரலாம். அறை முழுக்க ஆண்கள். பேசப்படுவது அவள் வாழ்க்கை. ‘ஏதாவது கேட்க வேண்டுமா, மிஸ்?’ என்ற கேள்விக்கு அவள் என்ன சொல்கிறாள்? கூச்சக்கார நாயகியின் கதைக்கு இதைவிட நல்ல திருப்புமுனை எனக்குத் தெரியவில்லை.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். எசெக்ஸில் வான்ஸ்டெட் ஹவுஸ் என்ற பிரம்மாண்டமான மாளிகை இருந்தது. கேத்தரின் டில்னி-லாங் 1805-இல் தம்பியைப் பறிகொடுத்தபோது அவருக்கு 15 வயது. அந்தச் சாவால் அந்த மாளிகைக்கும் வாரிசாகி, இங்கிலாந்தின் மிகப் பெரிய பணக்கார இளம்பெண்களில் ஒருவரானார். பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னரான கிளாரன்ஸ் கோமகனே அவரைப் பெண் கேட்டார். கேத்தரின் மறுத்துவிட்டு, நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற தளபதி வெலிங்டனின் அண்ணன் மகனான வில்லியம் வெல்லெஸ்லி-போலை 1812 மார்ச்சில் மணந்தார். பத்தே ஆண்டுகளில் கணவரின் கடனுக்காக மாளிகைப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன; 1822-இல் அந்த ஏலம் 32 நாள் நடந்தது. அதன்பின் மாளிகையே இடிக்கப்பட்டு, கல்லும் மரமுமாக விற்கப்பட்டது. கணவர் வேறொரு பெண்ணோடு போனார். கேத்தரின் 1825-இல் இறந்தபோது வயது 35. பிள்ளைகள் தந்தைக்கே என்பது அன்று கேள்வியே இல்லாத விதி. அப்படியிருந்தும் சான்சரி நீதிமன்றத்தில் நீதிபதி எல்டன் பிரபு 1827-இல் பிள்ளைகளை இந்தத் தந்தையிடம் ஒப்படைக்க மறுத்தார். கேத்தரின் தேர்ந்தெடுத்தது தன் விருப்பப்படிதான் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம்.

ஓடிப்போய்க் கல்யாணம் செய்வதைக் காதலின் உச்சமாக எழுதுவது அடுத்த தவறு. 1753-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர் திருமண லைசென்ஸ் வாங்கி மணக்கப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற ஊர் அவ்வளவு பிரபலம். பணக்காரப் பெண்ணைப் பிடிக்க அலைந்தவர்களுக்கும் அதே சாலைதான். ரீஜன்சி முடிந்து சில ஆண்டுகளில், 1826-இல், எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர் எலன் டர்னர் என்ற 15 வயது வாரிசுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து ஏமாற்றி அழைத்துப் போனார். முதலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்க் கடிதம். வழியில், அப்பாவின் பணமெல்லாம் முழுகிவிட்டது, நீ என்னை மணந்தால்தான் அவரைக் காப்பாற்றலாம் என்று அடுத்த பொய். அதை நம்பிய பெண் கிரெட்னா கிரீனில் சம்மதம் சொன்னாள். நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் திருமணத்தை ரத்து செய்தது. வேக்ஃபீல்டுக்கு மூன்றாண்டு சிறை. பெரியவர் சொல்லை மீறிப் பழகாத பெண்ணின் ‘சம்மதம்’ எவ்வளவு எளிதில் கறக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் கதாநாயகன் அவளை நள்ளிரவில் வண்டியில் ஏற்றும்போது, செட்டில்மெண்ட் எதுவும் எழுதாமல் அவள் போகிறாள் என்பது அவனுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கூச்சத்தை எழுதுவதிலும் கவனம் வேண்டும். கன்னம் சிவப்பதும் விசிறியால் முகத்தை மறைப்பதும் முதல் இரண்டு முறை போதும். கூச்சக்காரியை உண்மையில் வதைத்தது சமூக விதிகள்தான். நடன அரங்கில் ஒருவரை மறுத்தால், அந்த நடனத்துக்கு வேறு யாருடனும் ஆடக்கூடாது. ஆகவே பிடிக்காதவரைத் தவிர்க்க, பிடித்தவரையும் இழந்து சுவரோரம் உட்கார வேண்டும். ஒப்புக்கொண்டாலோ, அவரோடு அடுத்தடுத்து இரண்டு நடனம், ஏறக்குறைய அரை மணி நேரம். அதிலும் பாதி நேரம் வரிசையில் தங்கள் முறைக்காகக் காத்து நின்று, எதிரில் இருப்பவரோடு ஏதாவது பேசியாக வேண்டும். அதே ஆளோடு மூன்றாம் முறை ஆடினால் ஊர் வாய் சும்மா இருக்காது. அரசவை அறிமுகம் இன்னும் கொடுமை. ஷார்லட் ராணி பழைய வளையப் பாவாடையை விடவில்லை. மார்புக்குக் கீழே இடுப்பு வைத்த கவுனோடு அந்த வளையத்தையும் மாட்டி, தலையில் தீக்கோழி இறகு செருகி, மண்டியிட்டு வணங்கி, ராணிக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியே வர வேண்டும். பேச்சே தேவையில்லாத இந்தக் காட்சியில் அவள் மனம் முழுவதையும் காட்டிவிடலாம்.

பெயர் சொல்லி அழைப்பதையும் பாருங்கள். மூத்தவள் ‘மிஸ்’ சேர்த்துக் குடும்பப் பெயரால் மட்டும் அழைக்கப்படுவாள். தங்கைகளுக்குத்தான் சொந்தப் பெயரும் சேரும். நிச்சயம் ஆகாத ஆண் அவளை முதல் சந்திப்பிலேயே வெறும் பெயரால் கூப்பிட்டால், அது நெருக்கமாகப் படாது, அவமதிப்பாகப் படும். கல்யாணமாகாத இருவர் கடிதம் எழுதிக்கொண்டாலே நிச்சயம் ஆகிவிட்டது என்று நினைத்த உலகம் அது.

வளர்வதைக் காட்டும்போது, நாயகன் வந்து தட்டிக்கொடுத்ததும் கூச்சம் பறந்துபோவதாக எழுதாதீர்கள். அவள் வளர ஆண்டுகள் கொடுங்கள். 14 வயதில் ஆசிரியையிடம் பிரெஞ்சும் பியானோவும், 17-இல் விருந்துக்குப் பின் எல்லோர் முன்னும் வாசிக்கச் சொல்லும் அத்தை, 21 நிறைந்த அன்று மேசைமேல் வந்து விழும் கணக்குப் புத்தகங்கள். கடைசிவரை அவள் மெல்லிய குரலிலேயே பேசட்டும். கணக்கை மட்டும் அவளே படிக்கட்டும்.

அந்தக் கணக்கில் என்ன இருந்தது என்பதை மறைத்துவிடுவது நான் மன்னிக்கத் தயங்கும் தவறு. பணம் எங்கிருந்தோ பொழிந்ததாக எழுத வேண்டாம். பல குடும்பங்களின் செல்வம் கரீபியத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. பிரிட்டன் 1807-இல் அடிமை வணிகத்தைத்தான் நிறுத்தியது. அடிமைமுறை 1830-கள் வரை நீடித்தது. வேறு சில குடும்பங்களின் பணத்துக்கு நம் ஊரோடே தொடர்பு உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்த மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள், நிலவரி வசூலையே அடமானமாகப் பெற்றார்கள். வரி கட்டியது இங்கே வயலில் நின்ற உழவர். 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசி அதைக் கண்டித்தார். அப்படிச் சம்பாதித்துத் திரும்பியவரின் பேத்தி உங்கள் நாயகியாக இருக்கலாம். 21 வயதில் கணக்கைத் திறக்கும்போது, புரியாத ஊர்ப் பெயர்களை விரலால் தொட்டு, ‘இது எங்கே இருக்கிறது?’ என்று வக்கீலைக் கேட்கட்டும். தமிழில் எழுதும் நமக்கு அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும்.