சிறு பதிப்பக நூல்களுக்கு மதிப்புரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய பதிப்பகத்தின் நாவலைப் பற்றிப் பலர் எழுதுவார்கள். ஒருவர் சொதப்பினாலும் மற்றவர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். சிறு பதிப்பகப் புத்தகத்துக்குப் பல நேரம் வருவதே ஒன்றிரண்டு மதிப்புரைகள்தான். அதிலும் தவறு நேர்ந்தால் திருத்த ஆளில்லை.

அதிகம் நடக்கும் தவறு, இரக்கம். "பாவம், கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள்" என்ற நினைப்பு வந்துவிட்டால், 'மொழிநடை அருமை', 'அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்' என்று எதற்கும் பொருந்தும் வரிகள் தானாக வந்து விழும். அதை நம்பி வாங்கி ஏமாந்த வாசகர், அதே பதிப்பகத்தின் அடுத்த நல்ல புத்தகத்தையும் தொடமாட்டார். குறையை இடம் சுட்டிச் சொல்லுங்கள். 'நடுவில் தொய்வு' என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'மகள் வீட்டைவிட்டுப் போன பிறகு மூன்று அத்தியாயங்களில் அதே சண்டைதான் திரும்ப வருகிறது' என்றால் எழுதியவருக்கே உதவும். பாராட்டுக்கும் இதுதான் முறை. வாசகர் தானே சுவைத்துப் பார்க்கும் அளவுக்கு மேற்கோள் கொடுங்கள், ஆசிரியர் முயலாத ஒன்றைச் சாதிக்கவில்லை என்று குறை சொல்லாதீர்கள் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1975-இல் சொன்னது இன்றைக்கும் செல்லும்.

அந்த இரண்டாவது அறிவுரையைத்தான், பல வகை நூல்களை மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். துப்பறியும் நாவலில் தத்துவ ஆழம் தேடுவது வீண் வேலை. 'கடைசியில் பெரிய திருப்பம் உண்டு' என்று எழுதினாலே பாதி ரகசியம் போச்சு. கவிதைத் தொகுப்பை ஒரே மூச்சில் படித்தால் எல்லாக் கவிதையும் ஒன்றுபோலத் தெரியும். சிறுகதைத் தொகுப்பில் தலைப்புக் கதையோடு நிறுத்திக்கொண்டவரை மதிப்புரையே காட்டிக்கொடுத்துவிடும். வரலாறு, அறிவியல் நூல் என்றால் இரண்டு மூன்று ஆதாரங்களையாவது தேடிச் சரிபார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு நாவலின் நடையைப் புகழ்ந்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் பெயரையே விட்டுவிடுவது எனக்குச் சகிக்காத ஒன்று.

வெளியீட்டுக்கு முன் வரும் பிரதி பெரும்பாலும் கடைசி மெய்ப்புப் பார்க்காதது. அதிலுள்ள அச்சுப்பிழைகளை எண்ணிக் கேலி செய்வது அநியாயம். மேற்கோள்களையும் இறுதிப் பிரதியோடு ஒப்பிட்ட பிறகே வெளியிட வேண்டும். விற்பனைக்கு வந்த பிரதியிலும் பிழை மலிந்திருந்தால் தாராளமாகச் சொல்லலாம். வாசகர் முழு விலைதானே கொடுக்கிறார்?

சிறு பதிப்பகம் என்றாலே சுயவெளியீடு, அதாவது ஆசிரியரே தன் செலவில் போட்ட புத்தகம், என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. பிரதியைத் தேர்ந்தெடுத்து, எடிட் செய்து, தன் செலவில் அச்சிடுவது பதிப்பகம். கோடு எப்போதும் இவ்வளவு நேராக இருக்காது என்பதும் உண்மை. ஆங்கில எழுத்தாளர்களான வர்ஜீனியா உல்ஃப், லெனார்ட் உல்ஃப் தம்பதியர் 1917-இல் தொடங்கிய ஹோகார்த் பதிப்பகம் அவர்களுடைய எழுத்தையும் போட்டது, கவிஞர் டி. எஸ். எலியட்டையும் போட்டது.

புத்தகம் இலவசமாக வந்ததா, ஆசிரியர் நண்பரா? அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்புறம், எங்கே கிடைக்கும் என்பதையும் சேருங்கள். இந்தப் புத்தகங்கள் எல்லாக் கடைகளுக்கும் போவதில்லை.